கேபினில் தூரி கட்டித் தூங்கலாமா?

கேள்வி: நாமக்கல் பக்கம் லாரி ஓட்டுகிறேன். வயது 43, எடை 80 கிலோ. வடக்கே லோடு ஏற்றிப் போனால் திரும்பப் பத்துப் பன்னிரண்டு நாளாகும். பின்பலகையில் மாற்று டிரைவர் படுத்துக்கொள்வதால், நான் கேபினுக்குள்ளேயே நைலான் வலையைத் தூரிபோலக் கட்டிப் படுக்கிறேன். எழுந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. வலது பாதத்தின் மேற்புறம் மரத்துப்போய், பத்து நிமிடம் கழித்துத்தான் உணர்ச்சி வருகிறது. வண்டி ஓடும்போதும் சில நாள் அதிலேயே தூங்குவதுண்டு. ஆடிக்கொண்டே தூங்கினால் மூளைக்குக் கெடுதல் என்கிறார் நண்பர். தூரியை விட்டுவிட வேண்டுமா?

பதில்: தூரியை விட வேண்டாம். படுக்கும் விதத்தையும் கட்டும் விதத்தையும் மாற்றினால் போதும். ஆனால் இடுப்பைவிட உங்கள் பாதம்தான் எனக்குக் கவலை தருகிறது. முதலில் அதைப் பார்ப்போம்.

வலது முழங்காலின் வெளிப்பக்கம், மூட்டுக்குச் சற்றுக் கீழே விரலால் தடவிப் பாருங்கள். கோலிக்குண்டு போல ஓர் எலும்பு முனை தட்டுப்படும். அதன் கழுத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு போகிறது. மேலே பாதுகாப்புக்குச் சதை கிடையாது, தோல்தான். பாதத்தை மேலே தூக்குவதும், பாதத்தின் மேற்புறத்துக்கு உணர்ச்சி தருவதும் அந்த நரம்பின் வேலை. வலைக்குள் கால் ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டால் நைலான் இழை சரியாக அங்கேதான் அழுத்தும். நான்கு மணி நேரம் அழுத்தினால் மரத்துப்போகாமல் என்ன செய்யும்?

எழுந்ததும் பத்தடி தூரம் குதிகாலாலேயே நடந்து பாருங்கள். முன்பாதம் தூக்கி நின்றால் இப்போதைக்குப் பயமில்லை. தொய்ந்து விழுந்தால் அன்று ஸ்டீயரிங்கைத் தொடாதீர்கள். பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் மாறி மாறிப் போக வேண்டிய கால் அது. அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை இருந்தால் நரம்பு இன்னும் சீக்கிரம் அடிபடும் என்பதால், ஊருக்கு வந்ததும் ரத்தச் சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அழுத்தம் குறைய, வலைக்குள் ஒரு பவானி ஜமுக்காளத்தை விரித்துப் படுங்கள். இழை உடம்பில் பதியாது. வடக்கே மார்கழி, தை மாதங்களில் முதுகுக்கடியில் குளிர் ஏறுவதையும் அது தடுக்கும். தொங்கும் படுக்கையில் மேலே எத்தனை போர்வை போட்டாலும் குளிர் கீழிருந்துதான் வரும்.

இனி இடுப்பு. நம்மில் பலர் தூரியில் வாழைப்பழம் போல நீளவாக்கில் படுத்துவிடுகிறோம். இடுப்பு பள்ளத்தில் இறங்கி, தோள் இரண்டும் நெருங்கி, முழங்கால் பின்பக்கமாக விறைத்து நிற்கும். தொங்கும் படுக்கையிலேயே பிறந்து வளரும் மெக்ஸிகோவின் யுகடான் பகுதிக்காரர்கள் அப்படிப் படுப்பதில்லை. தலை ஒரு பக்க விளிம்பை நோக்கியும் கால் எதிர்ப் பக்க விளிம்பை நோக்கியும் இருக்கும்படி குறுக்கே சாய்ந்து படுப்பார்கள். துணி விரிந்துகொடுத்து, முதுகு ஏறக்குறையத் தட்டையாகிவிடும். கேபின் அகலத்தில் முழுக் குறுக்கு கிடைக்காதுதான். ஒரு சாண் விலகினாலே வித்தியாசம் தெரியும். அதுவும் முடியாவிட்டால், துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். குப்புறப் படுக்க மட்டும் முயல வேண்டாம்.

கட்டுவதிலும் ஒரு தவறு நடக்கிறது. தார்ப்பாய்க்குக் கயிறு இழுத்த கை, தூரியையும் அதேபோல விறைப்பாக இழுத்துக் கட்டிவிடுகிறது. விறைப்பாகக் கட்டினால் தட்டையாக இருக்கும் என்ற நினைப்பு. நடப்பது நேர்மாறு: துணி இறுகி உங்களைச் சுருட்டிக்கொள்ளும். கயிறு இரண்டு சாண் நீளத்துக்கு ஒரு சாண் கீழிறங்கும்படி தளர்வாக விடுங்கள். அது 30 டிகிரிச் சாய்வு. அப்போது ஒவ்வொரு முனையிலும் விழும் இழுவிசை உங்கள் எடையளவு, அதாவது 80 கிலோ. சாய்வு 10 டிகிரிதான் என்றால் அதே இழுவிசை சுமார் 230 கிலோ ஆகிவிடும். கதவோரக் கைப்பிடி ஏறும்போது பிடித்துக்கொள்ள வைத்தது, அதை நம்பித் தொங்காதீர்கள். கேபின் சட்டத்தில் கொக்கி போட முடியுமா என்று பாடி கட்டும் பட்டறையில் கேளுங்கள். உங்கள் ஊரில் பட்டறைக்கா பஞ்சம்?

நண்பர் சொன்ன மூளைக் கெடுதலுக்கு வருகிறேன். ஜெனீவா பல்கலைக்கழகத்தில் 12 ஆண்களை மதியம் 45 நிமிடம் மெதுவாக ஆடும் கட்டிலில் தூங்கவைத்துப் பார்த்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். ஆடாத கட்டிலைவிட அதில் சீக்கிரம் தூங்கிப்போனார்கள். நம் பாட்டிகள் இதற்கு ஆய்வகம் தேடவில்லை. ஆனால் அந்தக் கட்டில் ஆடியது நான்கு விநாடிக்கு ஒருமுறை, ஒரே சீராக. ஓடும் லாரியின் குலுக்கலை இதோடு சேர்க்க முடியாது. ஓடும்போது தூரியில் படுப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். மாற்று டிரைவர் ஒரு நாய்க்காகப் பிரேக்கை மிதித்தால்கூட நீங்கள் கண்ணாடியில் போய் மோதுவீர்கள். ஓடும் வண்டியில் பலகைதான் உங்கள் இடம். அவர் ஓட்டும்போது அது காலியாகத்தானே இருக்கும்?

நின்ற வண்டியிலும் எஞ்சினை ஓடவிட்டுத் தூங்க வேண்டாம். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. டிரெய்லருக்கு அடியில் தூரி கட்டிப் படுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். நிழலும் காற்றும் இருக்கும், சரி. அடியில் ஆள் இருப்பது தெரியாமல் யாராவது வண்டியை நகர்த்தினால்?

தூங்கி எழுந்தவுடன் சாவியைத் திருப்பாதீர்கள். உடம்பு எழுந்தாலும் மூளை முழுதாகத் தெளிய அரைமணி நேரம்வரை ஆகலாம். முகம் கழுவி, டயர்களைத் தட்டிப் பார்த்து, டீ குடித்துவிட்டு ஏறுங்கள்.

மாற்று டிரைவரிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். தூக்கத்தில் நீங்கள் பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று, திணறிக்கொண்டு மறுபடி இழுக்கிறீர்களா? பகலில் ஸ்டீயரிங்கின் முன்னால் கண் சொருகுகிறதா? ஆம் என்றால், தூரியை எப்படிக் கட்டினாலும் தூக்கம் பற்றாது. தூக்கப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அடுத்த லோடுக்குக் கிளம்பும் முன்பே காது மூக்கு தொண்டை மருத்துவரையோ நுரையீரல் மருத்துவரையோ பாருங்கள்.