ஆதாரத்தில் உள்ள ‘நிலம்’ என்ற சொல்லும் சர்வீஸ் ஸ்டேஷன் வரைபடமும்

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில், பொள்ளாச்சி சாலையை ஒட்டி, தந்தை வழியில் வந்த 22 சென்ட் இடம் எனக்கு உள்ளது. ஆதாரத்தில் (சொத்துப் பத்திரத்தில்) முன்பகுதி 14 சென்ட் ‘புரயிடம்’ என்றும், பின்பகுதி 8 சென்ட் ‘நிலம்’ என்றும் இருக்கிறது. அப்பா நட்ட தென்னைகள் பின்பகுதியில் முப்பது வருடமாக நிற்கின்றன. கார் சர்வீஸ் ஸ்டேஷனும் வாட்டர் வாஷும் கட்டப் பொள்ளாச்சிப் பொறியாளர் ஒருவர் வரைந்து தந்த வரைபடத்தை அனுப்பியுள்ளேன். வேலிக்கு அப்பால் நாலடியில் கிணறு வைத்திருக்கும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் எதிர்ப்புத் தெரிவிக்கிறார். தை பிறந்ததும் அஸ்திவாரம் போடலாமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, தயவுசெய்து இப்போது அஸ்திவாரம் போட வேண்டாம்.

‘நிலம்’ என்று எழுதியிருப்பதால் பின்பகுதியில் சிக்கல் இல்லை என்று நீங்கள் கருதியிருக்கலாம். தமிழில் நிலம் என்றால் எந்த இடமும் நிலம்தான். ஆனால் கேரள வருவாய்ப் பதிவேட்டில் அந்தச் சொல் நெல் விளையும் நஞ்சையை மட்டுமே குறிக்கும். வீடும் கடையும் கட்டத்தக்க இடம்தான் ‘புரயிடம்’. எல்லைப் பகுதித் தமிழர்கள் பலர் இந்த ஒரு சொல்லில் ஏமாந்து, கட்டடம் பாதி எழும்பிய பிறகு தடை உத்தரவோடு வருவதைப் பார்த்திருப்பதால், இதை முதலில் சொல்கிறேன். 2008ஆம் ஆண்டின் கேரள நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, சட்டத்தை மீறி மாற்றப்பட்ட வயலில் கட்டடம் கட்ட ஊராட்சி அனுமதி தர முடியாது. அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு, மீறுவோருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது.

உங்கள் 8 சென்ட் ஊராட்சியின் டேட்டா பேங்கில், அதாவது நெல்வயல், நீர்நிலங்களின் பட்டியலில் இருக்கிறதா என்பதைக் கிருஷி பவனில் (வேளாண் அலுவலகத்தில்) கேட்டறியுங்கள். இருந்தால், முதலில் படிவம் 5 கொடுத்து அதிலிருந்து நீக்கி, பிறகு படிவம் 6 கொடுத்து, ‘நிலம்’ என்ற பதிவுக்கு வகை மாற்றம் பெற வேண்டும். இல்லையென்றால் படிவம் 6 மட்டும் போதும். சட்டம் நடைமுறைக்கு வந்த 12.8.2008 அன்று அந்த இடம் நெல் சாகுபடிக்கு ஏற்றதாக இருந்ததா என்பதே கேள்வி என்பதால், அப்பா வைத்த தென்னைகள்தான் உங்கள் சிறந்த சாட்சி. மாநிலத் தொலையுணர்வு மையத்தின் செயற்கைக்கோள் பட அறிக்கையையும் கேட்டுப் பெறுங்கள்; மரங்களின் வயதை வாய்மொழியாகச் சொல்வதைவிட அது வலுவானது.

இனி வரைபடம். பொறியாளர் தமிழ்நாட்டு விதிகளை மனத்தில் வைத்து வரைந்திருக்கிறார். இங்கே பொருந்துவது 2019ஆம் ஆண்டின் கேரள ஊராட்சிக் கட்டட விதிகள். அவற்றின்படி பதிவு பெற்றவர் கையொப்பமிட வேண்டும். தலைப்பில் ‘கடைகள்’ என்று இருப்பதையும் மாற்றுங்கள். பழுது பார்க்கும் வசதியுள்ள சர்வீஸ் கராஜும் வாகனம் கழுவும் இடமும் அபாயப் பயன்பாட்டுத் தொகுதியில் வருகின்றன. அதற்குரிய இடைவெளிகளும் தீப்பாதுகாப்பும் வேறு. கடை என்று அனுமதி வாங்கிவிட்டுப் பிறகு லிஃப்ட்டும் கம்ப்ரசரும் பொருத்தினால், அந்த அனுமதி உங்களைக் காப்பாற்றாது. முகப்பில் ஆபீஸ் அறையைச் சாலை எல்லையிலிருந்து 1.5 மீட்டரில் காட்டியிருக்கிறார். கேரள ஊராட்சிராஜ் சட்டத்தின் 220(பி) பிரிவு, நெடுஞ்சாலையையும் மாவட்டச் சாலையையும் ஒட்டி 3 மீட்டருக்குள் மதிற்சுவரைத் தவிர எதையும் கட்டக் கூடாது என்கிறது.

என்னை மிகவும் கவலைப்பட வைத்தது தென்கிழக்கு மூலையில் புள்ளி வட்டமாகக் காட்டியிருக்கும் உறிஞ்சு குழி, அதாவது கழிவுநீரை மண்ணுக்குள் இறங்கவிடும் குழி. அது வேலியிலிருந்து 1.3 மீட்டரில் இருக்கிறது; கிணறு வேலிக்கு அப்பால் நாலடி, அதாவது சுமார் 1.2 மீட்டர். ஆக மொத்தம் 2.5 மீட்டர். குடிநீர்க் கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 7.5 மீட்டர் இருக்க வேண்டும். வரைபடம் உங்கள் வேலியோடு நின்றுவிடுவதால் பக்கத்துக் கிணறு அதில் இல்லவே இல்லை. எண்ணெய் கலந்த வாட்டர் வாஷ் தண்ணீரை எந்த உறிஞ்சு குழியிலும் விடக் கூடாது. எண்ணெயும் சேறும் பிரிக்கும் தொட்டி கட்டாயம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிறுவு இசைவு (தொழிலகம் அமைப்பதற்கான முன் அனுமதி), கட்டுமானம் தொடங்கும் முன்பே தேவை. கழிவு எண்ணெயைச் சேர்த்து வைத்து, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடமே கொடுக்க வேண்டும். பீப்பாய் வைக்கும் தளத்தையும் வரைபடத்தில் காட்டுங்கள். இயந்திரங்கள் நிறுவ ஊராட்சிராஜ் சட்டத்தின் 233ஆம் பிரிவின் கீழ் ஊராட்சி அனுமதி தனியாக வேண்டும்.

பக்கத்துத் தோட்டத்துக்காரரின் எதிர்ப்பை விரோதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் குடிக்கும் தண்ணீரைப் பற்றிக் கேட்கிறார், அது நியாயம். அவரை வைத்துக்கொண்டே டேப் பிடித்து அளந்து, கிணற்றைத் திருத்திய வரைபடத்தில் குறியுங்கள். மலையாளத்தில் எழுதச் சிரமமாக இருந்தால் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ள மாநில அரசு அலுவலகங்களோடு தமிழில் எழுத்துத் தொடர்பு கொள்ளும் உரிமையைத் தந்திருக்கிறது. விண்ணப்பத்துக்கு ரசீது வாங்கி வையுங்கள். ஊராட்சிச் செயலாளர் கட்டட அனுமதியை மறுத்தால், உத்தரவு கிடைத்த 30 நாட்களுக்குள் உள்ளாட்சித் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். ஒப்பந்தக்காரருக்கு முன்பணம் கொடுப்பதையும் வகை மாற்ற உத்தரவு கைக்கு வரும் வரை தள்ளிப் போடுங்கள்.