மகனிடம் மறைப்பது – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

என் மகனுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறான். காய்ச்சல், முதுகுவலி என்று ஆரம்பித்து ரத்தப் பரிசோதனையில் லுக்கேமியா, அதாவது ரத்தப் புற்றுநோய், அதில் ஏ.எல்.எல். வகை என்று தெரிந்தது. சென்னையில் வீடெடுத்துத் தங்கி கீமோ கொடுத்துக்கொண்டிருக்கிறோம். குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது, மொத்தம் இரண்டரை வருடம் ஆகும் என்கிறார்கள். அவனிடம் ‘ரத்தத்தில் இன்ஃபெக்‌ஷன்’ என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். போன வாரம் சிவப்பு மருந்து ஏற்றிய பிறகு சிறுநீர் சிவப்பாகப் போனதும் பயந்துவிட்டான். மதியம் பீட்ரூட் சாப்பிட்டாயே, அதனால்தான் என்று சமாளித்தேன். அதற்குப் பிறகு அவன் எதுவும் கேட்பதில்லை.

மீசை முளைத்தவனைக் குழந்தைகள் வார்டில் வைத்திருக்கிறீர்களே, பெரியவர்கள் ஆஸ்பத்திரிக்கு மாற்றுங்கள் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். பப்பாளி இலைச் சாறு கொடுக்கச் சொல்கிறார்கள். யார் செய்த பாவமோ என்றும் காதுபடப் பேசுகிறார்கள். பிளஸ் டூ வீணாகிவிடுமே என்ற கவலை வேறு.

வாசிப்பு பற்றி நிறைய எழுதுகிறீர்கள். அவனுக்குத் தன்னம்பிக்கை தரும் புத்தகங்கள் சிலவற்றைச் சொல்ல முடியுமா?

க. (பெயரும் ஊரும் தவிர்க்கப்பட்டுள்ளன)

அன்புள்ள க.,

மருத்துவம் சார்ந்த கடிதங்களுக்கு நான் பொதுவில் பதில் எழுதுவதில்லை. ‘அதற்குப் பிறகு அவன் எதுவும் கேட்பதில்லை’ என்ற உங்கள் வரி என்னை விடவில்லை, அதனால் எழுதுகிறேன். நம் வீடுகளில் நோயாளியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு நோயைத் தவிர எல்லாவற்றையும் பேசுகிறோமே, அதைப் பற்றிக் கொஞ்ச காலமாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் மற்றவற்றை முடித்துவிடுகிறேன். பாவம், புண்ணியம் பேசுகிறவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள். பச்சைக் குழந்தைகளுக்கும் வருகிற நோய் இது. பெரும்பாலும் காரணமே தெரியாது. யாரும் எதுவும் செய்து வந்ததல்ல. எந்த இலைச் சாறும் வேண்டாம். கொடுக்கிற மருந்துகளிலேயே அவன் கல்லீரல் திணறிக்கொண்டிருக்கும். பிளஸ் டூவை ஒரு வருடம் கழித்து எழுதினால் குடி முழுகிவிடாது.

வார்டு விஷயத்தில் மட்டும் தயவுசெய்து சொந்தக்காரர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். 16 முதல் 20 வயதுக்குள் ஏ.எல்.எல். வந்தவர்களை அமெரிக்காவில் ஒப்பிட்டு 2008இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. குழந்தைகளுக்கான சிகிச்சை முறையில் இருந்தவர்களில் ஏழு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 67 சதவீதம். பெரியவர்களுக்கான முறையில் 46. உங்கள் மகன் சரியான இடத்தில்தான் இருக்கிறான். சுவரில் முயலும் கரடியும் வரைந்திருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

இனி பீட்ரூட்டுக்கு வருகிறேன்.

அந்தச் சிவப்பு மருந்து சிறுநீரில் நிறம் காட்டுவது வழக்கமானது, ஓரிரு நாளில் போய்விடும். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும், பயமும் அங்கேயே தீர்ந்திருக்கும். நீங்கள் பீட்ரூட் என்றீர்கள். அவன் கையில் போன் இருக்கிறது. மருந்துப் பாட்டிலில் பெயர் ஒட்டியிருக்கிறது. அடுத்த கட்டில் பையனுக்குத் தலையில் முடி இல்லை. 16 வயதுப் பையன் இதையெல்லாம் பார்க்காமல் இருப்பான் என்று நிஜமாகவே நம்புகிறீர்களா? அவனுக்குத் தெரியும் அம்மா. உங்களிடம் கேட்கக்கூடாது என்பதும் தெரிந்துவிட்டது.

மைரா ப்ளூபாண்ட்-லாங்னர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1970களில் லுக்கேமியா வார்டில் குழந்தைகளோடு இருந்து கவனித்தவர். மூன்று வயதிலிருந்து ஒன்பது வயது வரையான குழந்தைகள். இன்றிருக்கும் நம்பிக்கை அன்று இந்த நோய்க்குக் கிடையாது. யாரும் சொல்லாமலே அந்தக் குழந்தைகளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அப்பா அம்மாவுக்காகத் தெரியாத மாதிரி நடந்துகொண்டார்கள். ஐந்து வயதுக் குழந்தை செய்ததை உங்கள் மகன் செய்யமாட்டானா?

இதை நான் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். என் அக்கா மகனுக்கு 14 வயதில் இதே நோய் வந்தது. ‘ரத்தச்சோகை’ என்று சொல்லி வைத்திருந்தார்கள். ஒருநாள் அக்கா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதியிருந்த ஏ.எல்.எல். என்ற மூன்று எழுத்தைக் காட்டி, “இது என்னன்னு எனக்குத் தெரியும் மாமா. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, அழுவாங்க” என்றான். ரிசல்ட் வரும் நாளில் தோழனிடம் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னான்.

எட்டு மாதத்தில் முடி முளைத்தது. பள்ளிக்கூடம் போனான், கிரிக்கெட் ஆடினான். மாத்திரைக் காலம் ஆரம்பித்தது. தினமும் ராத்திரி 6-எம்.பி. என்ற மாத்திரை, வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை. (அந்த மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறைதான். தவறிப்போய்த் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து.) இந்தக் கட்டத்தில் மாத்திரைகளால் ரத்த வெள்ளணுக்களின் எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைவாகவே வைத்திருப்பார்கள். அவனுக்கு அது குறையவே இல்லை. அளவைக் கூட்டிப் பார்த்தார்கள், அப்போதும் குறையவில்லை. டாக்டர் அக்காவை வெளியே அனுப்பிவிட்டு அவனிடம் தனியாகப் பேசினார். அன்று மாலை கிரிக்கெட் பேட் உறையின் அடியிலிருந்து மாத்திரைகளைக் கொட்டினான். சில அப்படியே இருந்தன. சில வியர்வை ஈரத்தில் கரைந்து உறைத்துணியில் மஞ்சளாக ஒட்டியிருந்தன.

அவன் முட்டாளில்லை. முதல் மாத முடிவில் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையில் நோய் தெரியவில்லை என்று டாக்டர்கள் பேசியதைக் கேட்டிருக்கிறான். நோய் போய்விட்டது, எதற்கு வாந்தி வருகிற மாத்திரை என்று நினைத்திருக்கிறான். நியாயமான கேள்வி. யாரிடம் கேட்பான்? அவனுக்கு வந்திருப்பது ரத்தச்சோகை ஆயிற்றே! நோயின் பெயரை மறைத்ததால் அவனுக்குப் பெயர் தெரியாமல் போகவில்லை, கேட்க ஆளில்லாமல் போயிற்று.

பரிசோதனையில் தெரியாதபோதும் உடம்பில் ஆயிரம் கோடி புற்றணுக்கள் வரை ஒளிந்திருக்கலாம். இரண்டு வருட மாத்திரை அதற்குத்தான். மாத்திரை டப்பாவின் மூடியிலேயே மின்னணுக் கருவி வைத்து, எந்தெந்த நாள் திறக்கிறார்கள் என்று அமெரிக்காவில் கணக்கெடுத்தார்கள். 95 சதவீத நாட்களுக்குக் குறைவாக மாத்திரை எடுத்த குழந்தைகளுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். மாதத்தில் இரண்டு நாள் விட்டாலே 95க்குக் கீழே வந்துவிடும். சிறு குழந்தைகளைவிடப் பதின்பருவத்தினர்தான் அதிகம் விடுகிறார்கள்.

இரண்டு வருடம் தினமும் ராத்திரி ஒரு பையன் மனமார மாத்திரை விழுங்க வேண்டுமென்றால் எதற்காக விழுங்குகிறான் என்பது அவனுக்குத் தெரிய வேண்டும். வளர்ந்த பையன், அவனே போட்டுக்கொள்வான் என்றும் விட்டுவிடாதீர்கள். உண்மையைச் சொல்லுங்கள், மாத்திரையைக் கண்முன்னால் விழுங்கச் சொல்லுங்கள். இரண்டும் வேண்டும்.

எப்படிச் சொல்வது? டாக்டரை வைத்துக்கொண்டு சொல்லுங்கள். நோயின் பெயரைச் சொல்லுங்கள். குணமாக என்ன வாய்ப்பு இருக்கிறது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். அழுகை வந்தால் அழுங்கள், ஒன்றும் ஆகாது. கேள்வி கேட்டால் பதில் சொல்லுங்கள், தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லுங்கள். பீட்ரூட் விஷயத்தையும் சொல்லிவிடுங்கள்.

மருந்துகளின் கதையையும் சொல்லலாம், அந்த வயதுக்குப் பிடிக்கும். பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவில் லெடர்லே ஆய்வகத்தில் இருந்தபோது, அவர் குழு செய்த அமினாப்டெரின் என்ற மருந்தைத்தான் 1947இல் பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் லுக்கேமியா வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். லுக்கேமியா முதல்முறையாகக் கொஞ்ச காலத்துக்காவது பின்வாங்கியது. அதே ஆய்வகத்தில் அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் மெத்தோட்ரெக்சேட். 6-எம்.பி. மாத்திரை அமெரிக்க விஞ்ஞானி கெர்ட்ரூட் எலியன் கண்டுபிடித்தது. அவருக்கு 15 வயதிருக்கும்போது தாத்தா புற்றுநோயில் இறந்தார், அதனால்தான் இந்தத் துறைக்கே வந்தார். 1988இல் நோபல் பரிசு வாங்கினார். இந்த நோய்க்குப் போடும் வின்கிரிஸ்டின் ஊசி நம் ஊரில் வேலியோரம் பூக்கிற நித்தியகல்யாணியிலிருந்து வந்தது. தன் உடம்புக்குள் போவது என்ன என்று தெரிந்துகொள்ள அவனுக்கு உரிமை இருக்கிறது.

இன்னொன்று. வீட்டில் தெர்மாமீட்டர் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலைவரை பார்க்கிற வேலை கூடாது. நடு ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள், வண்டியை எடுங்கள். இதையும் அவனிடம் சொல்லி வையுங்கள். உடம்பு சுடுவது முதலில் தெரிவது அவனுக்குத்தான்.

என் அக்கா மகன் உறையைக் கொட்டிய நாளிலிருந்து காலண்டரில் தானே டிக் போட ஆரம்பித்தான். அக்கா எதிரில் நின்று பார்ப்பாள். சிகிச்சை முடித்து, படித்து, இப்போது வேலையில் இருக்கிறான்.

புத்தகம் கேட்டிருந்தீர்கள். இவ்வளவு நீளமான கடிதத்தில் உங்கள் மகனுக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு வார்த்தை இல்லை. கிரிக்கெட்டா, பேயா, துப்பறிதலா? அவனிடமே கேட்டு வாங்கிக் கொடுங்கள். சிகிச்சையில் ஸ்டீராய்டு மருந்து கொடுக்கும் நாட்களில் எதிலும் மனம் நிற்காது, பசியும் எரிச்சலுமாக இருப்பான், அப்போது காமிக்ஸ் போதும். தன்னம்பிக்கைப் புத்தகம் மட்டும் வேண்டாம்.