வாம்பேட் என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

வாம்பேட் என்பது ஆஸ்திரேலியாவில் வளை தோண்டி வாழும், குட்டியை வயிற்றுப் பையில் வளர்க்கும் விலங்கு. பெயர் 'பேட்' என்று முடிகிறதே, ஆங்கிலத்தில் அப்படிச் சொல்லும் வௌவாலோடு சம்பந்தமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிள்ளையின் பள்ளிப் பாடத்துக்காக இருக்கும் என்று நினைக்கிறேன். சம்பந்தமே இல்லை. சிட்னியில் பல வருடமாக இருப்பவர்களே ஆங்கிலேயர் வைத்த பெயர் என்று அடித்துச் சொல்கிறார்கள், அது பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

அது சிட்னி வட்டாரத்துப் பூர்வகுடிகளான தாருக் மக்களின் சொல். 1798 ஜனவரியில் அப்போதைய ஆங்கிலேயக் கவர்னர் ஹன்டர் அனுப்பிய ஒரு குழு தென்மேற்கே பார்கோ பக்கம் போனது. வழிகாட்டி வில்சன், கைதியாகக் கப்பலில் வந்து, விடுதலையானதும் பூர்வகுடிகளோடு காட்டில் வாழ்ந்தவர். வழியில் கிடந்த புழுக்கையைப் பார்த்து இன்ன விலங்கு என்று அவர் பெயர் சொல்ல, கூடப் போன ஜான் பிரைஸ் எழுதி வைத்தார். குடியேறிகள் தங்கள் ஊர் விலங்கின் பெயரால் 'பேட்ஜர்' என்றும் அழைத்துப் பார்த்தார்கள், நிலைத்தது தாருக் சொல்தான். 'வொம்பாட்டஸ்' என்ற விலங்கியல் பெயரும் அதிலிருந்து வந்ததே. நான் மொழியியல் படித்தவன் இல்லை, ஆனால் இது ஊரறிந்த வரலாறு.

எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், போன குளிர்காலத்தில் கங்காரு வேலி (Kangaroo Valley) என்ற ஊரிலிருந்து திரும்பும்போது சாலையோரம் ஒன்று அடிபட்டுச் செத்துக் கிடந்தது. இங்கே அப்படிப் பார்த்தால் பையைத் தடவிப் பார்க்க வேண்டும். வாம்பேட்டின் பை பின்பக்கமாகத் திறக்கும், வளை தோண்டும்போது குட்டிமேல் மண் விழாமல் இருக்க. கையை விட்டால் உள்ளே கதகதப்பாக, முடி முளைக்காத ஒரு குட்டி, காம்பைக் கவ்வியபடியே அசைந்தது. இழுத்தால் வாய் கிழிந்துவிடும், அதனால் மீட்புத் தொண்டர்களுக்கு போன் செய்துவிட்டுக் காத்திருந்தோம். வந்த அம்மா பக்குவமாக எடுத்துக் கம்பளியில் சுற்றிக்கொண்டு போனார். குட்டி பிழைத்துக்கொண்டது என்று அப்புறம் செய்தி அனுப்பினார்.

இடித்தவன் நிறுத்தவே இல்லை, அதுதான் ஆத்திரம். காட்டுச் சாலையில் இருட்டிய பிறகு வேகத்தைக் குறைத்தால் என்ன குறைந்துவிடும்? வேலியை முட்டிப் பள்ளம் பறிக்கிற விலங்குக்கு இவ்வளவு பரிவா என்று சிலர் கேட்பார்கள், பண்ணைக்காரர் கஷ்டம் எனக்கும் தெரியும். அதற்குத்தான் வேலிக்கு அடியில் கனமான ஊஞ்சல் கதவு மாட்டுகிறார்கள், வாம்பேட் முட்டித் திறந்து போய்விடும், வேலியும் பிழைக்கும்.