யாரும் எழுதவில்லையா?

வணக்கம் சார்,

நான் முனைவர் பட்ட ஆய்வு மாணவி. பதின்ம வயதினரின் தூக்கக்குறைவு படிப்பை எப்படிப் பாதிக்கிறது என்பது தலைப்பு. நூலகத் தரவுத்தளத்தில் தலைப்பை அப்படியே அடித்தால் மூன்று கட்டுரைதான் வருகிறது. ‘ஸ்லீப்’ என்று மட்டும் போட்டால் லட்சக்கணக்கில் கொட்டுகிறது. எத்தனை சொல் போட வேண்டும்? எந்தத் தரவுத்தளம் நல்லது? ‘இத்தலைப்பில் ஆய்வுகள் அதிகம் இல்லை’ என்று எழுதிவிடலாமா?

கே.

அன்புள்ள கே,

எழுதிவிடாதீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதில். ஆய்வேடுகளில் அதைப் படித்துப் படித்து மனம் கசந்து போயிருக்கிறேன். ஒரு தடவை தேடிவிட்டு யாரும் எழுதவில்லை என்று சொல்வது, வருடக்கணக்கில் உழைத்து எழுதியவர்களுக்குச் செய்கிற அவமரியாதை.

எத்தனை சொல் என்பதற்குக் கணக்கு கிடையாது. எந்தத் தரவுத்தளம் என்பதை உங்கள் நூலகரிடம் கேளுங்கள்.

என் இளவயதில், காசநோயின் வரலாறு பற்றி ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தேன். ‘டியூபர்குளோசிஸ்’ என்று தேடினேன். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்கு ஏறக்குறைய ஒன்றுமே வரவில்லை. அந்தக் காலத்தில் இந்நோய் பற்றி அதிகம் எழுதப்படவில்லை என்று எழுதியும் விட்டேன். கைப்பிரதியைப் படித்த நூலகர் எதுவும் பேசவில்லை. பழைய அட்டவணைச் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் பென்சிலால் இரண்டு சொற்களை எழுதி என் பக்கம் நகர்த்தினார். கன்சம்ப்ஷன், தைசிஸ். அடித்தேன். பக்கம் பக்கமாக வந்தது. 1882இல் ராபர்ட் கோக் அந்தக் கிருமியைக் கண்டறிந்து அறிவிப்பதற்கு முன்னால் மருத்துவர்கள் பெரும்பாலும் அந்தப் பெயர்களில்தான் எழுதியிருந்தார்கள். காசநோய், க்ஷயம், எலும்புருக்கி என்று தமிழிலேயே மூன்று பெயர் தெரிந்திருந்தும் எனக்கு அது தோன்றவில்லையே என்று இன்றைக்கும் வருத்தம் உண்டு.

நீங்கள் மனதில் நினைத்தது தரவுத்தளத்துக்குத் தெரியாது, கே. மற்றவர்கள் அதை என்ன பெயரில் எழுதியிருப்பார்கள் என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும். உங்கள் தலைப்பில் இருப்பவை வயது, தூக்கம், படிப்பு. காகிதத்தில் மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் டீனேஜர், அடோலசென்ட், யூத். இரண்டாவதில் ஸ்லீப் டெப்ரிவேஷன், இன்சோம்னியா. மூன்றாவதில் அகாடமிக் பெர்ஃபார்மன்ஸ், அச்சீவ்மென்ட், கிரேட்ஸ். ஒரே கட்டத்துச் சொற்களை ‘ஆர்’ (OR, ஏதாவது ஒன்று இருந்தால் போதும்) போட்டு இணைத்து அடைப்புக்குறிக்குள் வையுங்கள். கட்டங்களுக்கு நடுவே ‘ஆண்ட்’ (AND, எல்லாமே இருக்க வேண்டும்). இரண்டு சொல் சேர்ந்த தொடர்களுக்கு மேற்கோள் குறி. ‘அடோலசென்’ வரை அடித்து நட்சத்திரக் குறி போட்டால் அடோலசென்ட், அடோலசென்ஸ் இரண்டும் அகப்படும். ‘நாட்’ (NOT, இது வேண்டாம்) பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். சிறுவர் வேண்டாம் என்று விலக்கினால், சிறுவரையும் பதின்ம வயதினரையும் சேர்த்து ஆராய்ந்த கட்டுரையும் கூடவே போய்விடும்.

அப்புறம், நல்ல கட்டுரை ஒன்று கிடைத்ததும் அதன் பதிவில் உள்ள பொருள் தலைப்புகளைப் பாருங்கள். மருத்துவக் கட்டுரைகளுக்கான தரவுத்தளமான பப்மெட்டில் மாரடைப்புக் கட்டுரைகளை ‘மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்’ என்ற தலைப்பின்கீழ் சேர்த்திருப்பார்கள், எழுதியவர் ‘ஹார்ட் அட்டாக்’ என்றே எழுதியிருந்தாலும் சரி. 1960இலிருந்து இப்படிச் சொற்களை ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறார்கள். அந்த உழைப்பைப் பயன்படுத்தாமல் மூன்று கட்டுரைதான் இருக்கிறது என்று புலம்பலாமா?

கட்டத்துக்கு ஐந்து சொல்லாவது சேரும்வரை கணினியைத் திறக்க வேண்டாம். சேர்ந்ததும் காகிதத்தைப் படமெடுத்து அனுப்புங்கள், விடுபட்டதை எழுதித் தருகிறேன்.