பிடித்த நாவல் படமாகிறது என்றால் ரசிகர்கள் ஏன் பதறுகிறார்கள்?

நகைச்சுவை அறிவியல் நாவல் ஒன்று படமாகப் போகிறது என்றால் சந்தோஷப்படாமல் ஏன் இந்தப் பதற்றம் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் பதறியவன்தான். 2005இல் ஆங்கில எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸின் ‘ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு’ நாவல் படமாக வரப்போகிறது என்றதும், பெங்களூரு அல்சூரில் நானும் அறை நண்பனும், முதுகு பிய்ந்து டேப் ஒட்டிய ஒரே பிரதியை நடுவில் வைத்துக்கொண்டு, எந்த ஜோக்கை வெட்டுவார்கள் என்று இட்லி ஆறிப்போகும்வரை சண்டை போட்டோம்.

இந்த மாதிரி நாவலில் சிரிப்பு சம்பவத்தில் இல்லை, சொல்கிற குரலில் இருக்கிறது. இதில் பூமியையே இடித்துவிடுகிறார்கள்; அதைக் காட்ட கிராபிக்ஸ் போதும். அதை ஏதோ ரோடு போடுகிற வேலை மாதிரி அலட்சியமாகச் சொல்வதை எப்படிக் காட்டுவது? (படத்தில் நடிகர் ஸ்டீபன் ஃப்ரையின் குரலையும் அனிமேஷனையும் வைத்துச் சமாளித்தார்கள், ஓரளவுக்கு.)

‘கதையை மாத்திட்டாங்க’ என்ற புலம்பலை மட்டும் நான் ஏற்பதில்லை. 1978இல் வானொலித் தொடர், 1979இல் நாவல், 1981இல் டிவி என்று ஒவ்வொரு முறையும் மாறிக்கொண்டேதான் வந்தது. திரைக்கதையிலும் ஆடம்ஸின் கை இருந்தது, ஆனால் அவர் 2001இல் இறந்துவிட்டார், மீதியை கேரி கிர்க்பேட்ரிக் என்ற திரைக்கதை ஆசிரியர் முடித்தார். அந்த ‘மீதி’ எவ்வளவு என்பதுதான் எங்கள் பயமே.

அப்புறம் ஸேஃபோட் என்ற இரட்டைத்தலைக் கதாபாத்திரத்தின் இரண்டாவது தலை. படத்தில் அதைக் கழுத்துக்குள் ஒளித்துவைத்ததை நண்பன் இன்னும் மன்னிக்கவில்லை.