கத்தோலிக்கர்கள் நற்செயல்களால் மீட்பு கிடைக்கும் என்று நம்புகிறார்களா?

இல்லை. நல்லது செய்து விண்ணகத்தை விலைக்கு வாங்கலாம் என்று கத்தோலிக்கத் திருச்சபை சொல்வதில்லை. 1547-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் இதுபற்றி வெளியிட்ட ஆணையின் முதல் விதியே, கிறிஸ்துவின் அருள் இல்லாமல் சொந்தச் செயல்களால் ஒருவர் கடவுள்முன் நேர்மையாளர் ஆகலாம் என்ற கருத்தைக் கண்டிக்கிறது. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தருக்குப் பதில் சொல்வதற்காகக் கூட்டப்பட்ட சங்கம் என்பதால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

சரி, அப்படியானால் புராட்டஸ்டன்ட்டுகளோடு வேறுபாடு எங்கே? அருள் மனிதரை உள்ளிருந்தே மாற்றுகிறது என்பது கத்தோலிக்கப் பார்வை. திருமுழுக்கில் தொடங்கும் அந்த மாற்றம், மனிதர் மனமுவந்து ஒத்துழைக்கும்போது அன்புச் செயல்களில் வளர்கிறது. அந்தச் செயல்களும் அருளின் கனிகள்தான். சாவான பாவத்தால், அதாவது தெரிந்தே மனதாரச் செய்யும் பெரும் பாவத்தால், அருளை இழக்கலாம். ஒப்புரவு அருளடையாளத்தில் (பாவசங்கீர்த்தனத்தில்) திரும்பப் பெறலாம். அதனால்தான் "நீங்கள் இரட்சிக்கப்பட்டுவிட்டீர்களா?" என்று யாராவது கேட்டால் கத்தோலிக்கர் கொஞ்சம் தயங்குவார். இறுதிவரை நிலைத்திருக்க வேண்டுமே!

1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் இதுபற்றி ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. கருத்து வேறுபாடு முழுசாகத் தீரவில்லை. ஆனாலும் அதில் சொல்லப்பட்ட போதனைக்கு 16-ஆம் நூற்றாண்டில் ஒருவர்மேல் ஒருவர் சுமத்திய கண்டனங்கள் பொருந்தாது என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன.