வேலிக்கு அப்பால் யாரோ மூச்சு விடுகிறார்கள்

புதருக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவர்கள் உங்கள் பயங்களை எழுதுங்கள் என்று போன மாதம் ஒரு வார்த்தை போட்டுவைத்தேன். தபால்காரர் என்னை முறைக்கிற அளவுக்குக் கடிதம் வந்துவிட்டது. முக்கால்வாசி பாம்பு, மிச்சம் சத்தம், வாசனை, வெளிச்சம். முப்பது வருஷம் விலங்கியல் பாடம் நடத்தியவள் என்பதற்காக, பேய் விவகாரத்தையும் என் தலையில் கட்டியிருக்கிறீர்கள். சரி, பார்ப்போம்.

*

டீச்சர், எங்களுடையது கடைசி வரிசை வீடு. பின்னால் பாதியில் நின்றுபோன கட்டடம் ஒன்று, சுற்றி ஆள் உயரப் புதர். ஒரு மாதமாக இருட்டினதும் அங்கிருந்து யாரோ மூச்சை இழுத்து இழுத்து விடுவது போலச் சத்தம். நடுநடுவே ஓர் அலறல். எவனாவது குடித்துவிட்டுப் படுத்திருப்பான் என்கிறார் என் வீட்டுக்காரர். மாமியார் வீட்டை விற்றுவிடலாம் என்கிறார். என்னதான் அது? (ஒரு வாசகி)

வீட்டை விற்க வேண்டாம் அம்மா. உங்கள் பின்வீட்டில் பிரசவம் நடந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எனக்கும் இது நடந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஓர் இடுக்கு. அங்கிருந்து ராத்திரி முழுக்க 'ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்...' என்று சீறல். பாம்புதான் என்று முடிவே கட்டிவிட்டேன். ஆனால் எந்தப் பாம்பு ஆறு மணி நேரம் ஓயாமல் சீறும்? அந்தக் கேள்வி விலங்கியல் படித்த எனக்குத் தோன்றவில்லை, கீழ்வீட்டுப் பாட்டிக்குத் தோன்றியது. அவர் பேரன் கையில் கம்போடு ஏறினான். நான் டார்ச்சைப் பிடித்தேன். வெளிச்சம் பட்ட இடத்தில் இதய வடிவத்தில் மூன்று வெள்ளை முகங்கள், ஒன்று பெரியது, ஒன்று நடுத்தரம், ஒன்று பஞ்சு உருண்டை. மூன்றும் ஒரே நேரத்தில் தலையை ஆட்டிக்கொண்டு எங்களைப் பார்த்துச் சீறின. பேரன் கம்பைப் போட்டுவிட்டு ஓடிவிட்டான்.

கூகைக் குஞ்சுகள். பசிக்கு அழுவதுதான் அந்தச் சத்தம். தாய்க்கூகை முதல் முட்டை இட்டதுமே அடைகாக்க உட்கார்ந்துவிடும். அடுத்தடுத்த முட்டைகள் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் வரும். அதனால்தான் ஒரே கூட்டில் அண்ணன் வளர்ந்த பையனாகவும் கடைசித் தம்பி கைக்குழந்தையாகவும் இருப்பான். அலறல் பெரியவர்களுடையது. இந்த ஜாதி மற்ற ஆந்தைகளைப் போலக் குழைவாகக் கூவாது, கிறீச்சென்று கத்தும். கத்திக்கொண்டே தெருவிளக்கைத் தாண்டிப் பறந்தால் அடிவயிறு வெள்ளையாகத் தெரியும், சிறகடிக்கிற ஓசை துளிகூடக் கேட்காது. இறகின் முன்விளிம்பு சீப்புப் பல் போல இருப்பதால் காற்று சத்தமில்லாமல் பிரிந்து போகிறது. வெள்ளையாக, ஓசையில்லாமல், அலறிக்கொண்டு போகிற ஒன்றைப் பேய் என்று சொன்னவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். சங்கப் பாட்டு ஒன்றில் தோழி ஒருத்தி ஊர்வாயில் மரத்துக் கூகையிடமே பேரம் பேசுகிறாள்: உனக்குச் சுட்ட எலி தருகிறோம், ராத்திரியில் குழறி எங்களைப் பயமுறுத்தாதே என்று. கூகைக்கு என்ன பிடிக்கும் என்று அவளுக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது.

நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டுமா? பகலில் போய் அந்தக் கட்டடத்தின் வாசலில் நின்று தரையைப் பாருங்கள். சுண்ணாம்பு கொட்டியது போல எச்சமும், கட்டைவிரல் பருமனில் கறுத்த உருண்டைகளும் கிடக்கும். அது சாணமல்ல. கூகை எலியை முழுதாக விழுங்கிவிட்டு, செரிக்காத மயிரையும் எலும்பையும் உருட்டி வாய்வழியாகத் துப்பிவிடும். அந்த மாடி அறை உருண்டைகளைப் பொறுக்கிப்போய் வகுப்பில் வெந்நீரில் ஊறவைத்துப் பிரித்தோம். ஓர் உருண்டைக்குள் மூன்று மண்டையோடு, மஞ்சள் முன்பற்கள் பிசிறில்லாமல். பின்பெஞ்சுப் பையன்கள் அந்த வருஷத்தில் கவனித்துக் கேட்ட ஒரே பாடம் அதுதான்.

பிறந்து சுமார் இரண்டு மாதத்தில் குஞ்சுகள் பறந்துவிடும், சீறலும் நின்றுவிடும். அதுவரை ஒன்றே ஒன்று: எலி விஷம் வைக்காதீர்கள். விஷம் தின்ற எலி தள்ளாடும், தள்ளாடுகிற எலி முதலில் மாட்டும். அதைத் தின்ற கூகையும் சாகும்.

*

அந்தி நேரத்தில் எங்கள் தெருவோரப் புதரிலிருந்து அவித்த உருளைக்கிழங்கு வாசனை வருகிறது. நல்லபாம்பு கொட்டாவி விடுகிறது, கிட்டே போகாதே என்கிறார்கள். உண்மையா? (ஒரு கல்லூரி மாணவர்)

பாம்பு வாயைத் திறக்கும்தான், ஆனால் அது தாடையைச் சரிசெய்துகொள்ள. வாசனை வேறு ஆளுடையது. பூலாஞ்செடி என்று ஒன்று புதரோரங்களில் தானாக முளைக்கும். சின்ன இலை, கண்ணுக்கே தெரியாத பூ, பழுத்தால் கருஞ்சிவப்பு மணிகள். சாயங்காலமானால் அந்தப் பூவிலிருந்து உருளைக்கிழங்கு வாசனை கிளம்பும். ஆங்கிலத்தில் அதற்கு உருளைக்கிழங்குப் புதர் என்றே பெயர். மூக்கைப் பின்தொடர்ந்து, பகலில், செருப்பு போட்டுக்கொண்டு போய்ப் பாருங்கள். செருப்பு ஏன் என்றால், புதரில் பாம்பே இல்லை என்று நான் சொல்லவில்லையே.

*

நான் எங்கள் குடியிருப்பு நலச்சங்கத்தின் செயலாளர். பக்கத்து மனைகளை ஜேசிபி விட்டு ஒரே நாளில் வழித்துத் தீ வைத்துவிட்டால் பாம்புத் தொல்லை தீரும் என்று உறுப்பினர்கள் சொல்கிறார்கள். தீர்மானம் போடலாமா?

தீர்மானம் போடுவதற்கு முன் என் கதையைக் கேளுங்கள். சில வருஷம் முன்னால் எங்கள் பக்கத்து மனையை அப்படித்தான் ஒரே பகலில் வழித்தார்கள். நானும் பால்கனியில் நின்று சந்தோஷமாக வேடிக்கை பார்த்தேன். அன்று ராத்திரியே சமையலறையில் எலி. மனையில் குடியிருந்த எலிகளுக்குப் போக வேறு இடம் வேண்டுமே. மூன்றாம் நாள் துணி துவைக்கிற மிஷினுக்குப் பின்னால் ஆறடிச் சாரை. எலி வந்த வழியிலேயே வந்திருக்கிறது. சாரைக்கு விஷமில்லை என்று முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதியவள், நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு போனில் ஆள் கூப்பிட்டேன். இதை என் பழைய மாணவர்கள் படிக்காமல் இருக்க வேண்டும்.

தீ வைக்கவே வைக்காதீர்கள். ஓட முடிந்தவை உங்கள் வீட்டுக்கு ஓடிவரும், முடியாதவை வெந்து போகும். அதற்குப் பதில் வீடுகளை ஒட்டி ஒரு பத்தடி அகலத்துக்கு மட்டும் புல்லை ஒட்ட வெட்டி வெறுந்தரையாக வையுங்கள். ஒதுங்க மறைவில்லாத இடத்தைப் பாம்பு கடக்கத் தயங்கும், கடந்தாலும் உங்கள் கண்ணில் படும். வெட்டுவதையும் வீட்டுப் பக்கத்திலிருந்து ஆரம்பித்துப் புதரை நோக்கிப் போங்கள். எதிர்த்திசையில் வெட்டினால் எல்லாவற்றையும் உங்கள் வாசலுக்கே விரட்டினது மாதிரி.

உண்மையில் பாம்பைக் கூப்பிடுவது புதர் அல்ல, சுவரோரம் அடுக்கிய செங்கல், விறகு, உடைந்த ஓடு, மூடாத குப்பை. குப்பைக்கு எலி, எலிக்குப் பாம்பு. கழிவுநீர்க் குழாய் வாயில் வலை, கதவுக்கும் தரைக்கும் நடுவே விரல் நுழைகிற சந்து இருந்தால் அதற்கு ஓர் அடைப்பு. இவற்றுக்குத் தீர்மானம் போடுங்கள், நான் முதல் கையெழுத்து. பூண்டு, கந்தகம், பினாயில் தெளிப்பதெல்லாம் மனத்திருப்திக்கு; பாம்பு அதன் மேலேயே ஊர்ந்து போகும்.

அப்புறம், உறுப்பினர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். கருப்பு உடம்பில் வெள்ளை வளையம் உள்ள எல்லாமே கட்டுவிரியன் அல்ல. வளையங்கள் கழுத்துப் பக்கம் பட்டையாகத் தொடங்கி வாலை நோக்கி மங்கிக்கொண்டே போனால் அது பெரும்பாலும் விஷமில்லாத ஓநாய்ப் பாம்பு. பல்லி தேடிச் சுவரில் நன்றாக ஏறும். கட்டுவிரியனுக்கு நேர்மாறு. தலைக்குப் பக்கத்தில் வளையம் மங்கலாகவோ இல்லாமலோ இருக்கும், பின்னால் போகப் போக மெல்லிய கோடுகள் இரண்டிரண்டாக வரும். ஆனால் இதை எண்ணிப் பார்க்கக் கிட்டே போகிறவரை நான் மாணவராகச் சேர்த்துக்கொள்ள மாட்டேன். எட்ட நின்று பாருங்கள், சந்தேகம் இருந்தால் கட்டுவிரியன் என்றே வைத்துக்கொண்டு பாம்பு பிடிக்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

கட்டுவிரியன் ராத்திரி ஆள். தரையில் தூங்குகிறவரைக் கடித்தால் வலி பெரிதாகத் தெரியாது, பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுந்து, இமை தானாகக் கீழே சரிந்தால், வாயுத் தொல்லை என்று உட்கார்ந்திருக்காதீர்கள், அது அவசரம். எந்தப் பாம்பு கடித்தாலும் கயிறு போட்டு இறுக்கக் கூடாது, கீறக் கூடாது, வாய் வைத்து உறிஞ்சக் கூடாது. வளையல், மோதிரம் கழற்றிவிடுங்கள், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து நேரே மருத்துவமனை. பாம்பை அடித்துப் பையில் போட்டு எடுத்துப்போக வேண்டியதில்லை. டாக்டர் அறிகுறியைப் பார்த்து வைத்தியம் செய்வார். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. விஷத்துக்கு மருந்து இருந்தும் ஆட்கள் சாவது பாதி வழியில் மந்திரித்துக்கொண்டு நிற்பதால்தான் என்று எனக்கு ஒரு கோபம் உண்டு. அதை இங்கே கொட்டவில்லை.

*

உடும்பு வீட்டுக்குள் வந்தால் ஆகாதாமே?

உடும்புக்குத்தான் ஆகாது. கதவைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்குங்கள், போய்விடும்.

*

இருட்டினதும் நரி ஊளை. கேட்டால் இருபது நரி எங்களைச் சுற்றி நிற்பது போல இருக்கிறது. அவ்வளவு இருக்குமா?

இரண்டோ மூன்றோ. ஒன்று ஆரம்பிக்கும், மற்றது வேறு சுருதியில் சேர்ந்துகொள்ளும், ஒவ்வொன்றும் குரலை ஏற்றி இறக்கி உடைக்கும். சுவர்களில் மோதித் திரும்பும் ஒலியையும் கூட்டிக்கொண்டால் கூட்டம் பெருகிவிடும். நான்கு பேர் இருக்கிற வீட்டில் சண்டை வந்தால் தெருவே கூடிக் கத்துவது போலக் கேட்கிறதில்லையா, அந்தக் கணக்கு.

*

பல வருஷமாகப் பூட்டிக் கிடக்கிற எதிர்வீட்டைக் கொடி மூடிவிட்டது. ஒரே ஒரு ஜன்னல்தான் தெரிகிறது. பகலிலேயே அந்தப் பக்கம் பார்க்கக் கூசுகிறது. செடி இவ்வளவு வேகமாக வளருமா, இல்லை எனக்குத்தான் பிரமையா? (ஓய்வுபெற்ற ஒருவர்)

பிரமை இல்லை ஐயா. மரம் தன் வருமானத்தில் பெரும்பங்கைத் தண்டு கட்டுவதில் செலவழிக்கிறது. கொடிக்கு அந்தச் செலவு கிடையாது. உங்கள் எதிர்வீட்டுச் சுவர்தான் அதற்குத் தண்டு. மிச்சப்படுத்தினதையெல்லாம் நீளத்திலும் இலையிலும் போடும். ஜப்பானிலிருந்து போன குட்ஸு என்ற கொடியை 1876-இல் பிலடெல்பியா கண்காட்சியில் அழகுக்காக வைத்தார்கள். 1930-களில் மண்ணரிப்பைத் தடுக்க என்று அமெரிக்க அரசே விவசாயிகளுக்குக் காசு கொடுத்து நடச் சொன்னது. 1953-இல் அதே அரசு, நடத்தகுந்த செடிகளின் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டது. அதற்குள் தென் மாநிலங்களில் கொட்டகை, லாரி, மின்கம்பம் எல்லாவற்றையும் மூடியிருந்தது. கோடையில் ஒரு நாளைக்கு ஓரடி வரை ஓடும். அங்கே எடுத்த படங்களைப் பார்த்தால் பச்சைப் போர்வை போர்த்திக்கொண்டு ஆட்கள் வரிசையாக நிற்பது மாதிரி இருக்கும். கூச்சம் வருவது அதனால்தான்: நமக்குப் பழகின உருவம் உள்ளே இருக்கிறது, ஆனால் ஓரம் எதுவும் தெரியவில்லை.

நான் கொடியைவிட அந்தச் சுவரில் முளைத்திருக்கிற அரசங்கன்றைக் கவனிப்பேன். பறவை எச்சத்தில் விழுந்த கடுகளவு விதை. மண்ணே வேண்டாம், காரை விரிசல் போதும். கொடி வீட்டை மறைக்கும், அரசு வீட்டைப் பிளக்கும். உங்கள் மதிலிலும் இருக்கிறதா என்று நாளைக் காலையில் ஒரு சுற்று வந்து பாருங்கள்.

*

டீச்சர், நான் ஏழாம் வகுப்பு. ராத்திரி பின்பக்கப் புல்லில் டார்ச் அடித்தால் பச்சையாகக் குட்டிக் குட்டிப் புள்ளிகள் மின்னுகின்றன. பனித்துளி என்கிறாள் அக்கா. மழையும் இல்லை, பனியும் இல்லை. அது என்ன?

தம்பி, அக்கா தோற்றாள். அவை கண்கள்.

டார்ச்சை இடுப்பில் பிடிக்காதே. நெற்றிக்குப் பக்கத்தில், உன் கண் மட்டத்தில் பிடி. விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போல ஒரு படலம் உள்ள பிராணிகளின் கண், வந்த வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும். அந்த வழியில் உன் கண் இருந்தால்தான் தெரியும். ஒரு புள்ளியை விடாமல் பார்த்துக்கொண்டே மெதுவாக நட. கிட்டே போனதும் குனிந்து பார்த்தால் பழுப்பு நிறத்தில் ஒரு சிலந்தி. வலை கட்டாது, ஓடிப் பிடிக்கும். ஓநாய்ச் சிலந்தி என்று பெயர். எட்டுக் கண். ஒரு புள்ளி அல்லாமல் ஒரு கொத்தே மின்னினால் அசையாமல் நில், அது அம்மாச் சிலந்தி. முதுகு நிறையக் குஞ்சுகளைச் சுமந்துகொண்டு போகும், ஒவ்வொரு குஞ்சுக்கும் தனித்தனியாகக் கண் மின்னும். தொடாதே, தொட்டால் குஞ்சுகள் சிதறி ஓடும், அப்புறம் அவள் பாடு திண்டாட்டம்.

பூட்ஸ் போட்டுக்கொள், அக்காவையும் கூட்டிக்கொண்டு போ. எத்தனை என்று எண்ணி எனக்கு எழுது. நான் ஒருமுறை நாற்பத்தொன்று வரை வந்தேன், அதற்குள் கொசு தாங்காமல் உள்ளே ஓடிவந்துவிட்டேன்.